வேன்லயே வீட்ட கட்டிகினு நேபாளம் போலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கேம்பர் வேன், அதாவது உள்ளயே படுத்து சமைச்சிகினு போற கேரவன் பத்தி ரெண்டு பக்கம் வந்துச்சு இல்ல, அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம் தான், வண்டிய எடுத்துகினு பார்டர் தாண்டி போலாமா, போனா நிறுத்தி வச்சிடுவாங்களா, இன்னா இன்னா பேப்பர் வேணும்னு. அதனால இந்த மாசம் முழு பக்கமும் அதுக்கே குடுத்தாச்சு.

காட்பாடி வாசகி: நானும் வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆயிட்டோம். ஒரு ட்ராவலர் வண்டிய கேம்பரா மாத்தி ஹம்பி, கோவா வரைக்கும் போயாச்சு. இப்ப நேபாளம் போணும்னு ஆசை. எனக்கு பாஸ்போர்ட் இருக்கு, அவருக்கு இல்ல, அவருக்கு 67 வயசு. விசா வேணுமா? வண்டிக்கு இன்னா பண்ணணும்?

அக்கா, மொதல்ல நிம்மதியா இருங்க, நம்ம ஆளுங்களுக்கு நேபாளம் போக விசா வேணாம், பாஸ்போர்ட்டும் கட்டாயம் இல்ல. பாஸ்போர்ட் இல்லன்னா எலெக்‌ஷன் கமிஷன் குடுத்த வாக்காளர் அட்டை போதும். நிறைய பேர் ஆதார் கையில இருந்தா போதும்னு கெளம்பிடறாங்க, அது 15 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கும் 65 தாண்டினவங்களுக்கும் மட்டும் தான் செல்லும். உங்க வீட்டுக்காரர் 67ங்கறதால அவர் ஆதார வச்சே போலாம், ஆனா வாக்காளர் அட்டை பீரோவுல இருந்தா அதையும் எடுத்து வச்சிக்கோங்க, பழைய அட்டையில போட்டோ மங்கி போயிருந்தா கெளம்பறதுக்கு முன்னாடியே புதுசு வாங்கிடுங்க.

வண்டி விஷயம் தான் பெருசு. ஆர்சி ஒரிஜினல், இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், ஓட்டறவங்க லைசென்ஸ், இதெல்லாம் கையில இருக்கணும், மொபைல்ல டிஜிலாக்கர்ல இருக்குன்னு அங்க போய் காட்டினா நம்ம ஊர் போலீஸ் ஒத்துக்கற மாதிரி ஒத்துக்க மாட்டாங்க. நம்ம லைசென்ஸ்லயே அங்க ஓட்டலாம், வண்டியும் நம்மள மாதிரி இடது பக்கம் தான். கார்னேன்னு ஒரு பெரிய பேப்பர் இருக்கு, வெளிநாடு பூரா வண்டில சுத்தறவங்க எடுப்பாங்க, நேபாளத்துக்கு அது தேவை இல்ல. பார்டர்ல நேபாள கஸ்டம்ஸ் ஆபீஸ் இருக்கும், பன்சார்னு சொல்வாங்க, அங்க எத்தன நாள் இருக்க போறோம்னு சொல்லி நாள் கணக்குக்கு பணம் கட்டினா ரசீது குடுப்பாங்க. அதுக்கு பக்கத்துலயே யாதாயாத்னு போக்குவரத்து பர்மிட் தனி. ரெண்டு பேப்பரையும் கண்ணாடி கிட்டயே வச்சிக்கணும், ரோட்ல போலீஸ் நிறுத்தினா கேக்கறது அத தான். நாள் கணக்கு சொல்லும்போது உள்ள போற நாள், வெளிய வர நாள் ரெண்டையும் சேத்து, அதுக்கு மேல ரெண்டு நாள் கூட கட்டிடுங்க, மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு ஒரு நாள் மாட்டினாலும் போச்சு, கட்டின நாள் தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். எந்த பார்டர் வழியா வெளிய வருவீங்கன்றதையும் அங்கயே சொல்லிடுங்க. வெளிநாட்டு வண்டிக்கு அவங்க நிதி ஆண்டுல மொத்தம் 30 நாள் தான், அந்த ஆண்டு ஜூலை நடுவுல ஆரம்பிக்குது.

உத்தரப் பிரதேசத்து பார்டர் ஊர் சோனாலியில வண்டிய நிறுத்தின உடனே ரெண்டு மூணு பசங்க ஓடி வந்து "சார் பேப்பர் குடுங்க பத்து நிமிஷம்"னு கேப்பாங்க. ஒரிஜினல் ஆர்சிய முன்ன பின்ன தெரியாதவன் கையில குடுக்காதீங்க அக்கா. கவுன்டர்ல நீங்களே நின்னா கொஞ்சம் நேரம் ஆகும், அவ்ளோ தான். ராத்திரி கோரக்பூர்ல தங்கிட்டு விடிகாலைல கெளம்பினா நூறு கிலோமீட்டர் கிட்ட தான், கவுன்டர் தெறக்கற நேரத்துக்கு போய் சேந்துடலாம், லாரி வரிசைய பாத்து பயப்பட வேணாம், சின்ன வண்டிங்க ஓரமா போகும்.

இன்சூரன்ஸ்ல ஒரு வேலை இருக்கு, நெறைய பேருக்கு இது தெரியாது. நம்ம பாலிசி இந்தியாக்குள்ள மட்டும் தான் செல்லும். நேபாளம், பூட்டான், பங்களாதேஷ், பாகிஸ்தான், ஸ்ரீலங்கா, மாலத்தீவு, இந்த ஆறு நாட்டுக்கும் தனியா கொஞ்சம் பிரீமியம் கட்டி எல்லைய நீட்டிக்க, பாலிசியோட சேத்து எழுதி குடுக்கற எண்டார்ஸ்மென்ட்னு ஒன்னு இருக்கு. ஏஜென்ட் "அதெல்லாம் தேவை இல்லம்மா"ன்னு சொன்னாலும் விடாதீங்க, பிரான்ச் ஆபீஸ்க்கே போய் எழுதி வாங்குங்க.

ராணிப்பேட்டை வாசகர்: பழைய 17 சீட்டு வேன் ஒன்னு விலைக்கு வருது. சீட்டெல்லாம் கழட்டிட்டு கட்டில், கிச்சன், ஏசி போட்டு எடுத்துகினு போலாம்னு ஒரு ஐடியா. சரி வருமா?

சரி வரும் சார், ஆனா வரிசை மாறக்கூடாது. மொதல்ல ஆர்டிஓ, அப்புறம் ஆசாரி. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுப்படி அனுமதி இல்லாம வண்டி அமைப்ப மாத்தக்கூடாது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி குடுத்த அமைப்புக்கு மாறா மாத்தறது தப்புன்னு தெளிவா சொல்லிடுச்சு. கேரவனுக்குன்னு ஏஐஎஸ் 124னு தர விதி தனியா இருக்கு, அது தெரிஞ்ச, வண்டிக்கு பாடி கட்டறவங்க கிட்ட போங்க. ஆர்சியில 17 சீட்டு பஸ்னு இருக்கு, கதவ தெறந்தா உள்ள ரெண்டு கட்டிலும் காஸ் அடுப்பும் இருக்கு, அப்ப கஸ்டம்ஸ்காரர் கேள்வி கேக்காம இன்னா பண்ணுவாரு? அவர விடுங்க, விபத்துன்னு ஒன்னு ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி மொத கேக்கறதே அத தான்.

அப்புறம் எடை. நூறு லிட்டர் தண்ணி டேங்க்னா நூறு கிலோ, அது மேல பிளைவுட், பேட்டரி, பிரிட்ஜ், அரிசி மூட்டை, ஆளுங்க. எல்லாத்தையும் ஏத்தி, டீசல் ஃபுல் பண்ணி, சிப்காட் பக்கம் ஒரு எடை மேடையில வண்டிய ஏத்தி பாருங்க, ஆர்சியில மொத்த எடைன்னு ஒரு நம்பர் இருக்கும், அதுக்கு கீழ இருந்தா தான் மலைக்கு போணும். பின்னாடி ஆக்சில் மட்டும் தனியாவும் எடை போட சொல்லுங்க, ஏன்னா நம்ம ஆளுங்க கனமான சாமான் எல்லாத்தையும் பின்னாடியே வச்சிடுவாங்க.

கரண்ட்டுக்கு கணக்கு சொல்றேன். 12 வோல்ட் 200 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரின்னா ரெண்டரை யூனிட். ஃபேன், லைட், சின்ன டிசி பிரிட்ஜ், மொபைல் சார்ஜுக்கு ராத்திரி பூரா தாங்கும். ஒன்றரை டன் ஏசி போட்டீங்கன்னா ஒன்றரை மணி நேரத்துல காலி. வேலூர் வெயில நெனச்சு எல்லாரும் ஏசிக்கே காச கொட்டறாங்க, நேபாளத்துல மலை மேல ஏறிட்டா அது தேவையே படாது, அந்த காச நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் போடுங்கன்றது என் அபிப்ராயம். மேல சோலார், ஏசி வச்ச அப்புறம் வண்டி உயரத்த டேப் வச்சி அளந்து ஸ்டியரிங் பக்கத்துல எழுதி ஒட்டிடுங்க, ரயில்வே கீழ்ப்பாலத்துக்கு முன்னாடி இரும்பு கம்பி பாத்தா யோசிக்கற வேலை இருக்காது.

வேலூர் சத்துவாச்சாரி வாசகர்: இதுவரைக்கும் கார் தான் ஓட்டியிருக்கேன். புது கேரவன நேரா நேபாளம் எடுத்துகினு போற தைரியம் இருக்கு, ஆனா மனைவி வேணாம்ங்கறாங்க.

உங்க மனைவி சொல்றது தான் சரி தம்பி. நமக்கு பக்கத்துலயே ஏலகிரி இருக்கு, 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்னுக்கும் பேர் வச்சி போர்டு இருக்கும். தண்ணி டேங்க் ஃபுல், காஸ், துணிமணி, குடும்பம் எல்லாம் ஏத்தினு அதுல ஏறி ஒரு ராத்திரி மேல தங்கிட்டு எறங்குங்க. எந்த கப்போர்ட் கதவு வளைவுல தானா தெறக்குது, குக்கர் எங்க உருளுது, வண்டி சாஞ்சு நின்னா சிங்க் தண்ணி எந்த பக்கம் தேங்குது, எல்லாம் அந்த ஒரு ராத்திரியில தெரிஞ்சிடும். எறங்கும்போது ரெண்டாவது கியர்லயே வாங்க, பிரேக்க மிதிச்சிகினே வந்தீங்கன்னா கீழ வரதுக்குள்ள கருகின வாசனை வரும், அது வந்தா ஓரமா நிறுத்தி ஆற விடணும், தண்ணி ஊத்தக்கூடாது. ஏலகிரி நல்லா போச்சுன்னா அடுத்து ஜவ்வாது மலை. ரெண்டும் முடிச்சிட்டு மனைவிய கேளுங்க, அவங்களே பெட்டி கட்டுவாங்க.

ஆம்பூர் வாசகி: பசங்க ரெண்டு பேரும் ஸ்கூல் படிக்கறாங்க, பெரியவனுக்கு 16. எந்த லீவுல போலாம்? எந்த வழியா போணும்?

லீவு தாம்மா சிக்கல். நேபாளத்துக்கு நல்ல நேரம் அக்டோபர் நடுவுல இருந்து நவம்பர் வரைக்கும், அப்புறம் மார்ச், ஏப்ரல். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை, அந்த நேரத்துல மலை ரோட்டுக்கு போகாதீங்க, இத நான் கெஞ்சியே கேக்கறேன். 2024 ஜூலையில நாராயண்காட் முக்ளிங் ரோட்ல மண்சரிவுல ரெண்டு பஸ்ஸு அப்டியே திரிசூலி ஆத்துல போயிடுச்சு. அதே வருஷம் செப்டம்பர் கடைசியில காட்மாண்டு சுத்தி பெரிய வெள்ளம், ரோடெல்லாம் அறுத்துகினு போச்சு. அதாவது நம்ம காலாண்டு லீவு வர நேரம். மே மாசம்னா மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் தாண்டறதுக்குள்ள வண்டி அடுப்பு மாதிரி ஆயிடும்.

அதனால நான் சொல்றது, முழுப்பரீட்சை சீக்கிரம் முடிஞ்சா ஏப்ரல்ல வச்சிக்கோங்க, இல்லன்னா தீபாவளிய ஒட்டி கொஞ்ச நாள் ஸ்கூல்ல லீவு சொல்லிட்டு போங்க. வீட்டுக்காரர் வண்டிய முன்னாடியே எடுத்துகினு போகட்டும், கூட ஒரு டிரைவரோ மச்சானோ இருக்கட்டும், நீங்களும் பசங்களும் காட்பாடியில ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறினா நேரா கோரக்பூர். பசங்க லீவுல பாதி ரோட்லயே கழியாது. ஆனா அங்க தசரா சமயத்துல தஷைன், தீபாவளி சமயத்துல திஹார் பண்டிகை, ஊருக்கு போற பஸ்ஸு எல்லாம் ரோட்ல இருக்கும், அந்த நாள் எதுன்னு பாத்துட்டு பிளான் பண்ணுங்க.

வண்டி போற வழி காட்பாடி, சித்தூர், ராயச்சோட்டி, கடப்பா, கர்னூல், அங்க இருந்து 44ஆம் நம்பர் ரோட்ட பிடிச்சு ஹைதராபாத், நாக்பூர், அப்புறம் ஜபல்பூர், ரேவா, பிரயாக்ராஜ், வாரணாசி, கோரக்பூர், சோனாலி. மொத்தம் 2,100 கிலோமீட்டருக்கு மேல. கேரவன்ல நாளைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல பிளான் போடாதீங்க, ராத்திரி ஓட்டவே வேணாம், அதுவும் நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டு பக்கம். பெரியவனுக்கு 16ங்கறதால பாஸ்போர்ட் இல்லன்னா ஸ்கூல் ஹெட்மாஸ்டர் கிட்ட அதுக்குன்னு இருக்கற ஃபார்ம்ல அடையாள சர்டிபிகேட் வாங்கணும், 15ல இருந்து 18 வரைக்கும் அது தான் வழி.

சோனாலி தாண்டினா லும்பினி பக்கத்துலயே. புத்தர் பொறந்த எடம், அசோகர் நட்ட கல்தூண் இன்னும் நிக்குது, பசங்க சரித்திர புக்ல படிச்சத கண்ணால பாப்பாங்க. மொத நாள் அங்கயே தங்கிடுங்க, மலை ஏறற அவசரம் வேணாம்.

ஆரணி வாசகி: வெளிய சாப்பிட்டா எனக்கு ஒத்துக்காது. காஸ், சாமான் எல்லாம் எடுத்துகினு போலாமா? பாத்ரூமுக்கு இன்னா பண்றது?

தாராளமா சமைக்கலாம்மா. அரிசி, பருப்பு, புளி, மெளகாப்பொடி, ஊறுகா எல்லாம் வீட்டுக்கு தேவையான அளவுக்கு எடுத்துகினு போங்க, மூட்ட மூட்டையா கொண்டு போனா தான் கஸ்டம்ஸ்ல வியாபாரமான்னு கேப்பாங்க. அஞ்சு கிலோ சின்ன சிலிண்டர் ஒன்னு போதும், அங்க மாத்தி குடுப்பாங்கன்னு நம்பி போகாதீங்க, கூடவே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வச்சிக்கோங்க, தங்கற எடத்துல கரண்ட் குடுத்தா அதுலயே வேலைய முடிச்சிடலாம். சமைக்கும்போது ஜன்னல் தெறந்தே இருக்கணும். குளிருதேன்னு கதவ சாத்திகினு அடுப்ப எரிய விட்டு தூங்கினீங்கன்னா புகையே இல்லாத விஷக்காத்து, தூக்கத்துலயே ஆள கொன்னுடும், இத வீட்ல இருக்கற எல்லாருக்கும் சொல்லி வைங்க.

குக்கர் கண்டிப்பா வேணும். ஒசரமா போக போக தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும், நேபாளத்துல மலை மேல இருக்கற முக்திநாத் கோயில் ஒசரத்துல 87, 88 டிகிரியிலயே கொதிக்கும், அதனால தெறந்த பாத்திரத்துல அரிசி வேக ரொம்ப நேரம் ஆகும். இட்லி மாவும் குளிர்ல பொங்காது, ரவா உப்புமா, கிச்சடின்னு போயிடுங்க.

பாத்ரூமுக்கு கேசட் டாய்லெட் வச்சிக்கோங்க, கழட்டி எடுத்துகினு போய் கொட்டற மாதிரி இருக்கும். ஓட்டல்லயோ பங்க்லயோ கேட்டு அவங்க கழிவறையில தான் கொட்டணும், ஆத்து ஓரத்துல கொட்டற வேலை வேணவே வேணாம், அந்த தண்ணிய கீழ இருக்கற ஊருங்க குடிக்குது.

குடியாத்தம் வாசகர்: டீசல் கிடைக்குமா? வாடகை கேரவன் எடுத்துகினு போலாமா? பணம், போன் எப்படி?

டீசல் பிரச்சனையே இல்ல, அங்க விக்கறதே நம்ம நாட்டுல இருந்து போறது தான், பீகார் மோதிஹாரியில இருந்து நேபாளத்து அம்லேக்கஞ்ச் வரைக்கும் 2019ல பைப்லைனே போட்டாச்சு. புகைய சுத்தம் பண்ண யூரியா கரைசல் ஊத்தற பிஎஸ் 6 வண்டின்னா அந்த கேன் மட்டும் இங்க இருந்தே எடுத்துக்கோங்க. வாடகை வண்டின்னா ஓனர் கிட்ட நேபாளம் எடுத்துகினு போக சம்மதம்னு எழுத்துல வாங்கணும், ஆர்சியில இருக்கற பேரும் உங்க பேரும் வேறயா இருந்தா கேப்பாங்க, மஞ்ச போர்டு வண்டிக்கு வேல இன்னும் அதிகம். கேரளாவுல 2021ல இருந்து கேரவன் டூரிஸம்னு அரசாங்கமே ஊக்கம் குடுக்குது, வாடகைக்கு எடுத்து பழகறவங்க அங்க ஒரு சுத்து போய்ட்டு வாங்க.

பணம், நம்ம 100 ரூபாய்க்கு அவங்க 160. நூறு ரூபா நோட்டா வச்சிகினு போங்க, பெரிய நோட்ட நம்பாதீங்க. 2024 மார்ச்ல இருந்து நம்ம யுபிஐ அங்க க்யூஆர் கோட்ல வேலை செய்யுது, ஆனா மலை ஊர்ல கைக்காசு தான். போனுக்கு பார்டர் டவுன்லயே ஒரு நேபாள சிம் வாங்கிடுங்க. கடிகாரத்த கால் மணி நேரம் முன்னாடி தள்ளி வைங்க. காட்மாண்டுக்குள்ள 2017ல இருந்து ஹாரன் அடிக்க தடை, நம்ம கை சும்மா இருக்காது, அத பழக்கிகினு போங்க. 2025 செப்டம்பர்ல அங்க போராட்டம் வெடிச்சி காட்மாண்டு ஏர்போர்ட்டே மூடிட்டாங்க, நம்ம ஜனங்க எவ்ளோ பேர் மாட்டிகினாங்க, அதனால கெளம்பற வாரம் நம்ம தூதரகம் இன்னா அறிவிப்பு போட்டிருக்குன்னு பாத்துட்டு வண்டிய எடுங்க.

வாலாஜா வாசகர்: அம்மாவுக்கு 72 வயசு, முக்திநாத் பெருமாள பாக்கணும்னு இருக்காங்க. கேரவன்லயே கோயில் வரைக்கும் போக முடியுமா?

திருமங்கையாழ்வார் பாடின சாளக்கிராமம், 108 திவ்ய தேசத்துல ஒன்னு, அம்மாவோட ஆசை எனக்கு நல்லா புரியுது. அவங்கள கூட்டினு போங்க, கேரவன கூட்டினு போகாதீங்க. போக்ரா வரைக்கும் வண்டி வரட்டும், ஏரிக்கரை பக்கம் ஏதாவது ஓட்டல் பார்க்கிங்ல விட்டுட்டு, அங்க இருந்து லோக்கல் ஜீப் எடுங்க. பேனி தாண்டினா ரோடு ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் காளி கண்டகி ஆறு, நடுவுல ஒசரமான வேன் ஆடினு போறத நெனச்சாலே எனக்கு வயிறு கலங்குது. ஜீப் முடியாதுன்னா போக்ராவுல இருந்து முக்திநாத்துக்கு கீழ இருக்கற ஜோம்சோமுக்கு சின்ன பிளைட் இருக்கு, பகல் ஏறிட்டா அங்க காத்து பலமா அடிக்கும், அதனால காலையில மட்டும் தான் பறக்கும். அன்னபூர்ணா பகுதிக்கு தனி பர்மிட் வேணும், போக்ராவுலயே வாங்கிடுங்க.

முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல. ஏலகிரி மாதிரி மூணு மடங்கு ஒசரம். ஒரே நாள்ல மேல ஏத்தாதீங்க, ஜோம்சோம்ல ஒரு ராத்திரி தங்க வச்சி அடுத்த நாள் காலையில கூட்டினு போங்க. தலைவலி, வாந்தி, நடை தள்ளாடறது இருந்தா தரிசனம் ஆகலன்னாலும் உடனே கீழ எறக்கிடணும். கெளம்பறதுக்கு முன்னாடி அவங்கள பாக்கற டாக்டர் கிட்ட பிபி, இதயம் எல்லாம் காட்டி ஒசரத்துக்கு போலாமான்னு நேராவே கேளுங்க. கோயிலுக்கு கடைசியில ஏத்தம் இருக்கு, குதிரை கெடைக்கும். 108 தாரையில குளிக்கறது ரொம்ப பெரிய விஷயம் தான், ஆனா தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், அம்மாவுக்கு தலையில தெளிச்சாலே போதும்.

திருப்பத்தூர் வாசகர்: பூட்டான், ஸ்ரீலங்காவுக்கு வண்டி எடுத்துகினு போலாமா?

பூட்டானுக்கு போலாம், ஆனா கேரவனுக்கு அது ஏத்த ஊர் இல்ல. நம்ம ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபா கட்டணம், தங்கற ஓட்டல் புக்கிங் காட்டணும், வண்டிக்கும் நாள் கணக்குல தனி பணம். வண்டிய நம்ம பக்கத்து பார்டர் ஊர் ஜெய்கான்ல விட்டுட்டு பூட்டான்ல டாக்ஸி எடுங்க. ஸ்ரீலங்காவுக்கு நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு போற கப்பல்ல ஆளுங்க மட்டும் தான், வண்டி ஏத்த மாட்டாங்க.

வேலூர் தோட்டப்பாளையம் வாசகி: பையன் அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்கான். நாங்க டூரிஸ்ட் விசால போறோம். ஆர்வி, அதாவது அந்த ஊர் கேரவன், வாடகைக்கு எடுத்து கனடா காட்டறேங்கறான். பிரச்சனை ஏதும் வருமா?

அமெரிக்க விசா இருக்கறதால கனடாவுக்கும் போலாம்னு நெனைக்காதீங்கம்மா, நம்ம பாஸ்போர்ட்டுக்கு கனடா விசா தனி. நீங்க இங்க இருக்கும்போதே அப்ளை பண்ணிடுங்க. பையன் வேலை விசால இருந்தா அவனுக்கும் வேணும், கிரீன் கார்டு இருந்தா வேணாம். ஆர்வி வாடகை கம்பெனி கிட்ட கனடா போக எழுத்துல அனுமதி, கனடாவுக்கு செல்லற இன்சூரன்ஸ் கார்டு, ரெண்டையும் பையன வாங்க சொல்லுங்க. அங்க ரோட்ல வலது பக்கம், அதுல பழகினவன் தான் ஓட்டணும், அப்பாவுக்கு ஆசை வந்தாலும் ஸ்டியரிங் குடுக்காதீங்க.

சாப்பாட்டு சாமான்ல ஒன்னு கவனம். திரும்பி அமெரிக்காவுக்குள்ள வரும்போது பச்ச கறிவேப்பிலை கொண்டு போகவே கூடாது, எலுமிச்ச வகை மரங்கள அழிக்கற பூச்சி அது மூலமா வரும்னு அங்க தடை. காம்ப்ல எரிக்க வாங்கின வெறகு மீதி இருந்தாலும் பார்டருக்கு முன்னாடியே யாருக்காவது குடுத்துடுங்க. பிரிட்ஜ்ல இருக்கற பழம், காய், கறி எது கேட்டாலும் ஒளிக்காம சொல்லிடுங்க, சொன்னா எடுத்து குப்பையில போடுவாங்க, அதோட விட்டுடுவாங்க, மறைச்சா தான் அபராதம். காஞ்ச கறிவேப்பிலையும் கொண்டு போக வேணாம், பையன சியாட்டில் வீட்லயே தாளிச்சு பொடி பண்ணி வச்சிக்க சொல்லுங்க, பார்டர் போறதுக்கு முன்னாடி அந்த பொடிய தீத்துடுங்க.